கடலூர்ப் பையன் படித்த புத்தகங்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்! அவருக்குப் பாடம் சொன்னவர்கள் யார்?

கடலூரில் கெடிலம் ஆற்றுக்கு வடகரையில் இருப்பது மஞ்சக்குப்பம். கச்சேரிகளும் கோர்ட்டுகளும் நிறைந்த பகுதி. தென்கரையில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரர் கோவில் அங்கேதான் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

1906-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 1934-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி மஞ்சக்குப்பத்தில் இன்னோர் ஆண் குழந்தை பிறந்தது. இருவருக்கும் வயதில் 28 ஆண்டு வித்தியாசம். பிறந்த நாளில் ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்!

முதல் குழந்தை, புதுமைப்பித்தன். இரண்டாவது குழந்தை, ஜெயகாந்தன்.

தமிழில் சிறுகதை எழுதியவர்கள் யார் என்று கேட்டால் இந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு யாரும் பதில் சொல்ல முடியாது. ஆனால் இங்கே சொல்லப்போவது ஜெயகாந்தன் எழுதிய கதைகளைப் பற்றி அல்ல. எழுதுவதற்கு முன்னால் அவர் ஒரு வாசகர். படிப்பை விட்ட பையன், எப்படிப் படித்தார்? யாரைப் படித்தார்?

மாமா கொடுத்த பாட்டு

பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன பேச்சு நடக்கும் என்பது எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். "இவன் உருப்படுவானா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். தாய்க்குத் தூக்கம் வராது.

பையன் விழுப்புரத்துக்குப் போனான். அங்கே மாமா இருந்தார். மாமா பொதுவுடைமைக் கொள்கைக்காரர். பாரதியார் பாட்டுகளில் பிரியம் உள்ளவர். பையனுக்கு அவர் பாரதியைக் காட்டினார். அதுதான் முதல் புத்தகம் என்று சொல்லலாம். அந்தப் பிரியம் ஜெயகாந்தனுக்குக் கடைசி வரை போகவில்லை. பின்னாளில் எத்தனையோ ஆசிரியர்களை அவர் படித்தார். சிலரோடு சண்டையும் போட்டார். பாரதியை மட்டும் குரு என்றே சொல்லி வந்தார்.

பாரதிக்கும் கடலூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது சந்தோஷமான தொடர்பு அல்ல.

வெள்ளைக்காரப் போலீசிடம் அகப்படாமல் இருக்கப் பாரதியார் 1908-ம் ஆண்டு புதுச்சேரிக்குப் போனார். அது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். 1918-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும், கடலூருக்குப் பக்கத்தில் கைது செய்தார்கள். கடலூர் ஜெயிலில் போட்டார்கள். டிசம்பர் 14-ந் தேதிதான் வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் மூன்று ஆண்டுகள்கூட உயிரோடு இல்லை. 1921-ல் காலமாகிவிட்டார்.

ஜெயகாந்தன் பிறந்தது அதற்கு 13 ஆண்டு கழித்து. பாரதியாரின் நூல் உரிமையை 1949-ல் சென்னை அரசாங்கம் வாங்கியது. பிறகு அதைப் பொதுவாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆனது. மலிவுப் பதிப்புகள் வந்தன. காலணாவை எண்ணிச் செலவு செய்கிற வீட்டுக்குள்ளும் பாரதி நுழைந்தது அப்படித்தான்.

எழுத்து எழுத்தாகப் படித்தார்

விழுப்புரத்திலிருந்து பையன் சென்னைப் பட்டணத்துக்கு வந்தான். பொதுவுடைமைக் கட்சித் தொண்டர்கள் ஒன்றாகத் தங்கும் இடத்தில் தங்கினான். அங்கே இருந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள். அரசியல் பேசினார்கள். அதோடு இலக்கியமும் பேசினார்கள். பையன் உட்கார்ந்து கேட்டான்.

அவர்களில் ஒருவர் ஜீவா என்ற ப. ஜீவானந்தம். ஜீவா பேசினால் கூட்டம் அசையாது. கம்பராமாயணத்தைப் பற்றிப் பேசுவார். பாரதியைப் பற்றியும் பேசுவார். கட்சிக்காரருக்குக் கம்பன் எதற்கு என்று அந்த நாளில் சிலர் கேட்டதுண்டு. ஜீவா அதைச் சட்டை செய்யவில்லை. பழைய இலக்கியம் பண்டிதர்களின் தனிச் சொத்து அல்ல என்பது அவர் எண்ணம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பையனுக்குப் பழந்தமிழின் மேல் பயம் போனதற்கு இப்படிப்பட்டவர்களின் பேச்சு ஒரு காரணம்.

கட்சி அச்சகத்தில் பையனுக்கு வேலை கிடைத்தது. பிழை திருத்தும் வேலை. இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாம் படிக்கும்போது சொற்களைத் தாண்டித் தாண்டிப் போகிறோம். பிழை திருத்துகிறவர் அப்படிப் போக முடியாது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்க வேண்டும். கால் விட்டுப்போயிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா, ஒற்றை ரகரம் வரவேண்டிய இடத்தில் இரட்டை றகரம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு தாய், விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாகப் போகிறாளே, ஏறக்குறைய அப்படித்தான். மெதுவாகப் படிப்பது வெட்கப்படவேண்டிய விஷயம் அல்ல. சம்பளம் கொடுத்து அப்படிப் படிக்கச் சொல்லும் வேலை ஒன்று இருக்கிறது!

1949-ல் சென்னை மாகாணத்தில் கட்சிக்குத் தடை வந்தது. ஜெயகாந்தன் தஞ்சாவூருக்குப் போனார். அங்கே ஒரு செருப்புக் கடையில் வேலை. வயது 15. வாடிக்கையாளர் வராத நேரத்தில் யோசிக்கவும் எழுதவும் பொழுது கிடைத்தது. அந்தச் செருப்புக் கடை நாட்கள் தம் வாழ்க்கையில் முக்கியமானவை என்று அவர் கருதினார்.

கப்பல் சமையல்காரர்

அந்தக் காலத்தில் ரஷ்ய எழுத்தாளர்களின் புத்தகங்கள் தமிழில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அவர்களில் ஒருவர் மாக்சிம் கார்க்கி. அவர் கதையைக் கேளுங்கள்.

கார்க்கி 1868-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். பள்ளியில் இருந்தது கொஞ்ச காலம்தான். பிறகு வோல்கா ஆற்றில் ஓடும் நீராவிக் கப்பல் ஒன்றில் எச்சில் தட்டுக் கழுவினார். அந்தக் கப்பலின் சமையல்காரர் ஸ்முரி என்பவர் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். பையனைக் கூப்பிட்டுத் தமக்குப் படித்துக் காட்டச் சொல்வார். புரியாவிட்டால் மறுபடியும் படி என்பார். தட்டுகள் கழுவாமல் கிடக்கும்!

அங்கே சமையல்காரர், இங்கே விழுப்புரத்து மாமா. கார்க்கியின் கதை தமிழ்நாட்டு ஏழைப் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் வீட்டுக் கதை போல இருந்தது. இதில் ஆச்சரியம் இல்லை.

மனம் என்ற ரதம்

பாட்டு, பழைய இலக்கியம், வெளிநாட்டு நாவல்: இவற்றோடு இன்னொரு வகையும் உண்டு. அதுதான் மாயக் கதை. நடக்க முடியாததை நடந்தது போலச் சொல்வது. பேயும் தேவரும் வருவார்கள். சிறு பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று சிலர் இதை ஒதுக்குவார்கள். பெரிய ஆசிரியர்கள் ஒதுக்கவில்லை.

பாரதியாரே ஒரு மாயக் கதை எழுதியிருக்கிறார். பெயர் ‘ஞானரதம்’. ஒருவர் திருவல்லிக்கேணி வீட்டில் கட்டிலில் படுத்திருக்கிறார். தம் மனத்தையே ரதமாக்கி ஏறிக்கொள்கிறார். துக்கமே இல்லாத ஒரு லோகத்துக்குப் போகிறார். வாசலில் காவலன் தடுக்கிறான். நீ வரலாம், ரதம் வரக்கூடாது என்கிறான். மனத்தை வெளியே விட்டுவிட்டு உள்ளே எப்படிப் போவது? திரும்பிவிடுகிறார். பிறகு கந்தர்வ லோகம், சத்திய லோகம் என்று பயணம் தொடர்கிறது. சிரித்துக்கொண்டே படிக்கலாம். படித்து முடித்த பிறகு அந்த வாசல் மட்டும் நினைவில் நிற்கும்.

ஜெயகாந்தனுக்கு இது எவ்வளவு பிடித்தது என்பதற்குச் சாட்சி உண்டு. பின்னாளில் அவர் ஆசிரியராக இருந்து நடத்திய இலக்கியப் பத்திரிகை ஒன்றின் பெயர் ‘ஞானரதம்’!

காப்பி குடித்த கடவுள்

இப்போது திருப்பாதிரிப்புலியூர்க்காரரிடம் வருவோம்.

புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். ஊர் ஊராக மாற்றல் ஆகும். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று தென்னார்க்காடு ஜில்லாவிலேயே பிள்ளைப் பருவம் கழிந்தது. எட்டு வயதில் தாயை இழந்தார். பிறகு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். அதனால் பலர் அவரை முழுக்க முழுக்கத் திருநெல்வேலிக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் எழுதிய பேய்க் கதை ‘காஞ்சனை’. ராத்திரியில் தனியாகப் படிக்க வேண்டாம். மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண் எழுதி 1818-ல் வெளியான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கதையையும் தமிழில் தந்தார். ‘பிரேத மனிதன்’ என்று பெயர் வைத்தார்.

ஆனால் எல்லாவற்றையும் விட ஜனங்களுக்குப் பிடித்தது ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. கந்தசாமிப் பிள்ளை சென்னையில் ஒரு வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். கையில் காசு கிடையாது. அவர் முன்னால் திடீரென்று கடவுள் வந்து நிற்கிறார். சிவபெருமானேதான். வந்தவரை என்ன செய்வது? காப்பி குடிக்க ஓட்டலுக்கு அழைத்துப் போகிறார். வீட்டுக்கும் அழைத்துப் போகிறார். வீட்டில் சின்னப் பெண் வள்ளி கடவுளோடு விளையாடுகிறாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பெரியவர்களுக்குத்தான் சந்தேகம்.

பிழைப்புக்கு என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. கடவுளுக்குத் தெரிந்தது கூத்துத்தானே! தேவியோடு சேர்ந்து ஒரு பெரிய மனிதர் முன்னால் ஆடிக் காட்டுகிறார். பெரிய மனிதர் முகம் சுளிக்கிறார். இது கலையே இல்லை என்கிறார். நடராஜர் ஆட்டத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் கிடைக்கவில்லை! கடைசியில் கடவுள் போய்விடுகிறார். மிஞ்சியது ஒன்று. கந்தசாமிப் பிள்ளையின் பத்திரிகைக்கு அவர் கட்டிய ஆயுள் சந்தா, கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

கடவுள் ஒரு பத்திரிகைக்கு வாசகர் ஆனார் என்று எழுத எத்தனை துணிச்சல் வேண்டும்! இந்தத் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? கடலூரிலிருந்து தெற்கே, பஸ்ஸில் ஒரு மணிக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் சிதம்பரம் இருக்கிறது. அங்கே போனால் இந்தக் கதைக்கு மூத்த கதை ஒன்று கிடைக்கும்.

ஏடு எழுதிய கை

மாணிக்கவாசகர் தில்லையில் இருந்தபோது ஓர் அந்தணர் வந்தாராம். திருவாசகத்தைச் சொல்லும்படி கேட்டாராம். மாணிக்கவாசகர் பாடப் பாட, வந்தவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வந்தார். முடிந்ததும் ஆளைக் காணோம். மறுநாள் பார்த்தால் ஏடு சன்னதிப் படியில் இருக்கிறது. அடியில் கையெழுத்து இருக்கிறது. எழுதியவர் சிற்றம்பலத்தில் ஆடுகிற பெருமானே என்பது ஐதீகம்.

அவர் ஏன் எழுதிக்கொண்டார்? மனோன்மணீயம் நாடகம் எழுதிய சுந்தரம் பிள்ளை 1891-ல் இதற்கு ஓர் அழகான காரணம் கண்டுபிடித்தார். உலகமெல்லாம் அழிந்த பிறகு இறைவன் தனியாக அல்லவா இருக்க வேண்டும்? அப்போது படிக்க ஒரு புத்தகம் வேண்டாமா? அதற்குத்தான் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாராம்!

ஆகக் கடவுளை வாசகராக்கியதில் புதுமைப்பித்தன் முதல் ஆள் அல்ல. பழைய இலக்கியத்தை நன்றாகப் படித்தவருக்கே இந்த விளையாட்டு வரும்.

சிதம்பரத்தில் சொல்லப்படும் இன்னொரு கதை மனத்தை வருத்தும். மூவர் பாடிய தேவார ஏடுகள் கோவிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து திறக்கச் செய்தார்கள். உள்ளே கரையான் புற்று! எண்ணெய் ஊற்றிப் புற்றை விலக்கி மிஞ்சியதை எடுத்தார்கள். இன்று நம் கையில் இருப்பது எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள். போனவை எத்தனை? பூட்டி வைத்ததைக் கரையான் படித்தது.

புத்தகத்துக்காக அடிதடி வரை போன கதையும் இந்த வட்டாரத்தில் உண்டு. சிதம்பரம் பக்கத்தில் மருதூரில் 1823-ல் பிறந்தவர் வள்ளலார் ராமலிங்க சுவாமிகள். அவர் பாட்டுகளை 1867-ல் மாணவர்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் அச்சிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ளவில்லை. திருமுறைகள்தான் அருட்பா, இது அல்ல என்றார். நாவலர் லேசான ஆள் அல்ல. எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகளுக்காகப் பாலபாடம் எழுதியவர். 1864-ல் சிதம்பரத்திலே பள்ளிக்கூடம் வைத்தவர். சண்டை முற்றியது. 1869-ல் கோர்ட்டுக்குப் போனது. எந்தக் கோர்ட்டு? மஞ்சக்குப்பம் கோர்ட்டு! பின்னாளில் ஜெயகாந்தன் பிறந்த அதே மஞ்சக்குப்பம். இன்று தமிழர் வீடுகளில் பாலபாடத்துக்கும் இடம் உண்டு, அருட்பாவுக்கும் இடம் உண்டு.

சிதம்பரத்தில் வாழ்ந்த இன்னொருவரையும் சொல்லாமல் போகக் கூடாது. அவர் மௌனி. 1907-ல் பிறந்தவர். கணிதம் படித்தவர். குடும்பத் தொழிலைக் கவனிக்கச் சிதம்பரம் வந்து, 1985-ல் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். எழுதியது ஏறக்குறைய 24 கதைகள்தான். கனவில் நடப்பது போல இருக்கும். இவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னவர் புதுமைப்பித்தன். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் மௌனியை முதலில் எடுத்து மலைத்து நிற்க வேண்டாம். புதுமைப்பித்தனைப் படித்துவிட்டு வரலாம். மௌனி எங்கும் ஓடிவிட மாட்டார்.

மொட்டைமாடிச் சபை

புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயால் திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42. அப்போது ஜெயகாந்தனுக்கு 14.

ஏழு ஆண்டுகள் கழித்து ‘சரஸ்வதி’ என்ற பத்திரிகை தொடங்கியது. அதில் ஜெயகாந்தனின் கதைகள் வந்தன. ரிக்‌ஷாக்காரர்கள், குடிசைவாசிகள், நடைபாதையில் தூங்குகிறவர்கள் கதையில் பேசினார்கள். யார் இந்த ஆள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ‘ஆனந்த விகடன்’ வழியாக வீட்டுக்கு வீடு போனார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலுக்கு 1972-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. பெயரும் பணமும் வந்த பிறகும் அவர் வாசகராகவே இருந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்து காந்தியைப் பற்றி எழுதியதை ‘வாழ்விக்க வந்த காந்தி’ என்று தமிழில் தந்தார். பாரதியைப் பற்றி ‘பாரதி பாடம்’ என்ற புத்தகம் எழுதினார்.

சென்னையில் அவர் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் நண்பர்கள் கூடுவார்கள். அதற்குச் ‘சபை’ என்றே பெயர். பாரதி பாட்டு வரும். சித்தர் பாட்டு வரும். புத்தகம் கையில் இருக்காது. எல்லாம் மனப்பாடம்! ஆட்டோ ஓட்டுகிறவரும் வருவார், பேராசிரியரும் வருவார். விழுப்புரத்தில் மாமா ஒரு பையனுக்குச் செய்ததை, அவர் மாடியில் பலருக்குச் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

2002-ம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. தமிழில் அதற்கு முன்னால் அதைப் பெற்றவர் அகிலன் ஒருவர்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவரின் கதைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் பல பேர்.

2015-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி ஜெயகாந்தன் காலமானார். 81-வது பிறந்த நாளுக்கு இன்னும் 16 நாட்கள் இருந்தன. அதற்கு மறுநாள், புதுமைப்பித்தன் பிறந்த நாள்.